மறுநடை

யார்டில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுவது லேசான காரியமில்லை. சிலருக்கு வருஷக்கணக்கில் மாடாய் உழைத்தாலும் விழாது. சிலருக்கு வந்த சூட்டோடு விழுந்துவிடும். மேஸ்திரியை எல்லோரும் விசில் என்பார்கள். வாயில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. முப்பது வருஷம் எடைமேடையில் உட்கார்ந்து ஓய்வு பெற்ற மாமனாருக்கு முள்ளு என்று பெயர். எவன் வந்து கெஞ்சினாலும் தராசு முள் காட்டியதை விட்டு இம்மி நகராத மனிதர் என்பதால் வந்தது அது. அவருடைய இளைய மருமகளான சின்னவளுக்கு, வேலைக்கு வந்த மூன்றாவது வாரமே, காது முடிச்சு என்று பெயர் விழுந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக அதே இடத்தில் உட்கார்ந்து கிழிந்த மூட்டை தைக்கும் மூத்த மருமகளான பெரியவளுக்கு இன்றுவரை எதுவும் விழவில்லை. அவளைக் கூப்பிட வேண்டுமென்றால், "ஏம்மா, இங்க வாம்மா" என்பார்கள். அவ்வளவுதான்.

இதைப் பெரியவள் யாரிடமும் சொல்லிக் குறைப்பட்டதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் சோற்றில் அகப்பட்ட கல் மாதிரி அது பல்லில் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது.

யார்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லைக் கேட்டுக்கு இந்தப்பக்கம், கம்பிவேலி போட்ட பெரிய மண்தரை அது. இந்தப்பக்கத்து லாரி கேட்டைத் தாண்டக்கூடாது. அந்தப்பக்கத்து லாரி யார்டைத் தாண்டக்கூடாது. அதனால் இரண்டும் பின்னாலேயே வந்து, முதுகோடு முதுகு உரச நிற்கும். நடுவில் ஒரு பலகை. மலையடிவார ஆலையின் சிமெண்ட், ஆற்றுப் படுகையில் அரைக்கும் சர்க்கரை, குளிர்கிடங்கு உருளைக்கிழங்கு என்று அந்த மாகாணத்தில் விளைகிறது, வெட்டுகிறது எல்லாம் அந்த ஒன்றரை அடிப் பலகையில் சுமைக்காரர்களின் தோளேறித்தான் தேசம் மாறியாக வேண்டும். பஞ்சர் கடைக்காரன், கயிறு விற்கிறவன், தார்ப்பாய் தைக்கிறவன், டீக்கடைக்காரன், ரப்பர் முத்திரை குத்துகிற குமாஸ்தா எல்லோருக்கும் அந்தப் பலகைதான் வயல்.

மாமனார் இதைத் தன் பாணியில் சொல்வார். "ரெண்டு நாடும் ஒருத்தர ஒருத்தர் நம்பல. அதனாலதான் நமக்குச் சோறு. நம்பிட்டாங்கன்னு வை, லாரி நேரா போயிடும். அப்புறம் நாம வாயில விரல வச்சிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

இந்தப் பேச்சை முதன்முதலில் கேட்டபோது பெரியவள் சிரித்தாள். மூன்றாம் வருஷம்வரை சிரித்ததாக நினைவு. இப்போது சின்னவள் சிரிக்கிறாள். அதுவும் முதல் தடவை கேட்கிறவள் போல, ஒவ்வொரு தடவையும். மாமனார் முகம் அப்படியே பூரித்துப் போகும். இந்தச் சிரிப்பு நிஜமா, சாமர்த்தியமா என்று பெரியவள் எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நிஜம்தான் என்று தெரிந்ததும் இன்னும் எரிச்சலாக இருந்தது.

தையல்காரிகளின் வேலை பலகைக்கு இரண்டு பக்கமும் தரையில். சுமைக்காரர்கள் கொக்கி போட்டு மூட்டையை இழுக்கும்போது சாக்கு கிழியும். கிழிந்த இடத்துக்கு வாய் என்று பெயர். "வாய்!" என்று மேலேயிருந்து குரல் வரும். மூட்டை கீழே இறங்கும். கோணி ஊசியும் சணலுமாக ஒருத்தி எழுந்து ஓடி, அதைத் தைத்து, மறுபடி மேலே ஏற்றிவிட வேண்டும். ஆறு பெண்கள். ஒவ்வொருத்திக்கும் தனி முடிச்சு. அந்தப்பக்கம் போய் வாய் பிரிந்தால், பிரிந்த துணியை முடிச்சோடு வெட்டி அடுத்த லாரியில் அனுப்பிவிடுவார்கள். முடிச்சைப் பார்த்தால் யார் தைத்தது என்று தெரியும். 'வாய் திரும்பியவள்' ஒரு வாரம் வீட்டில் உட்கார வேண்டும். அதனால் ஒருத்தி முடிச்சை இன்னொருத்தி போடுவதில்லை. அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதி வைக்கவில்லை. அடுத்தவள் பிரஷ்ஷை எடுத்துப் பல் விளக்குவாளா யாராவது? அந்த மாதிரிதான் அதுவும்.

சின்னவள் மூன்று சுற்றுச் சுற்றி, கடைசியில் ஒரு சின்ன வளையம் விட்டு இழுப்பாள். அது சாக்கின் மேல் காது போல விறைத்து நிற்கும். பார்க்க அழகாக இருக்கும் என்பதைப் பெரியவளாலேயே மறுக்க முடியாது. பெரியவள் முடிச்சில் பார்க்க ஒன்றுமில்லை. இரண்டு சுற்று, ஒட்ட நறுக்கிய வால். ஆனால் தையலில் அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. வாயின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தைத்ததும் முடிச்சுப் போடமாட்டாள். ஊசியைத் திருப்பி, முதல் தையலின் இடைவெளிகளில் குத்திக்கொண்டே வந்த வழியே திரும்பி வந்து, ஆரம்பித்த இடத்தில்தான் முடிப்பாள். மறுநடை என்பாள் அதை. இதனால் மற்றவர்கள் மூன்று வாய் தைக்கும் நேரத்தில் அவள் இரண்டுதான் தைப்பாள். விசில் மேஸ்திரி இதற்காக அவளைப் பலமுறை கடிந்துகொண்டிருக்கிறார். இது மூட்டையா, கல்யாணப் பட்டா என்று கேட்பார். விட முயன்றும் பார்த்தாள். கை கேட்கவில்லை.

சின்னவள் ஒரே ஓட்டமாக ஓடி முடிப்பாள். தையல் நெருக்கமாக இருக்கும், சணலுக்கு மெழுகு தேய்த்திருப்பாள். எட்டு மாதத்தில் அவளுக்கு ஒரு வாய்கூடத் திரும்பவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் பெரியவளுக்கு மூன்று திரும்பியிருந்தன. மூன்றும் அவள் காய்ச்சலோடு தைத்தவை. அதை இப்போது யார் கேட்கப் போகிறார்கள்?

மழைக்காலம் ஆரம்பிக்கும் சமயத்தில் அந்த நாற்காலிப் பேச்சு வந்தது.

அந்தப்பக்கத்து வியாபாரிகள் சேர்ந்து யார்டிலேயே மூட்டைத் தையலைப் பார்வை பார்க்க ஓர் ஆளை வைக்கப் போகிறார்களாம். பெண்ணாக இருந்தால் நல்லதாம். எடைமேடைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட அறை, கண்ணாடி ஜன்னல், மின்விசிறி, நாற்காலி. தைத்த மூட்டைகள் ஜன்னலுக்கு வெளியே பலகைமேல் வரும். வாயை விரலால் தடவிப் பார்த்து முத்திரை குத்தினால் போதும். மாதச் சம்பளம். ஆறு பேரில் ஒருத்தியை விசில்தான் சொல்ல வேண்டும். பதினைந்து நாள் பொறுங்கள், யாருக்கும் வாய் திரும்புகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றுவிட்டார்.

பெரியவளுக்கு அந்த நாற்காலி வெறும் நாற்காலி இல்லை. போன கோடையிலிருந்து அவளுக்கு இருமல். சிமெண்ட் லாரி வரும் நாட்களில் நெஞ்சுக்குள் சல்லடை ஆட்டுவதுபோல ஒரு சத்தம் வரும். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மருந்து கிடக்கட்டும், முதலில் தூசியை விட்டு எழுந்திரு என்றார். எழுந்து எங்கே போவது? புருஷனிடம் மட்டும் சொன்னாள். அவன் சுமைக்காரன். மறுநாள் அவளுக்கு மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு நல்ல துணி வாங்கி வந்தான். அவனால் முடிந்தது அது. அந்த நாற்காலி கிடைத்தால் அவளுக்கு மூச்சு கிடைக்கும். கிடைக்காவிட்டால் எத்தனை வருஷம் என்று அவள் கணக்குப் போடவில்லை. போடப் பயமாக இருந்தது.

அன்று சாப்பிடும்போது பேச்சு அங்கேதான் சுற்றியது. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஐந்து பேர். சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும். மாமனார் முதலில் தட்டை முடித்துவிட்டு, நாற்காலி நம் வீட்டுக்கே வந்துவிடும் போலிருக்கிறதே என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். அவள் புருஷன், லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிறவன், பெருமையை மறைக்கத் தண்ணீர் குடித்தான்.

"எனக்கும் ஆசைதான்க்கா," என்றாள் சின்னவள், நேராகப் பெரியவள் முகத்தைப் பார்த்து. "மறைச்சு என்ன ஆகப்போகுது? ஆனா நீங்க பன்னெண்டு வருஷம் இருக்கீங்க. உங்களுக்குக் கொடுத்தா நான் வாயத் திறக்க மாட்டேன்."

"கொடுக்கறதும் கொடுக்காததும் விசில் கையில. உனக்கு எனக்குன்னு நாம எதுக்குப் பங்கு போடணும்?" என்றாள் பெரியவள்.

"வேகமா தைக்கிறாளே. அதத்தான் பாப்பாங்க," என்றான் பெரியவளின் புருஷன். அவன் மனசில் ஒன்றும் இல்லை. மழை வருகிறது என்று சொல்வது போலச் சொன்னான். பெரியவள் அவன் தட்டில் போடப்போன இரண்டாவது கரண்டிப் பொரியலைச் சட்டியிலேயே போட்டு மூடினாள். அவன் அதைக் கவனிக்கவும் இல்லை.

சின்னவள் திமிராகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டியிருக்கலாம், மனசு ஆறியிருக்கும். ஆசை இருக்கிறது என்று பட்டென்று சொல்லிவிட்டு, விட்டுக்கொடுக்கவும் தயார் என்று சொல்கிறவளை என்ன செய்வது? பெரியவளால் அப்படிச் சொல்ல முடியாது. அவளுக்கு ஆசை என்பது ஒளித்து வைக்கிற பொருள். இவள் அதைத் தட்டில் வைத்து எல்லோர் முன்னாலும் நீட்டுகிறாள். அதற்கும் சேர்த்துப் பாராட்டு வாங்குகிறாள்.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பெரியவள் பழைய சாக்குத் துணி ஒன்றில் காது முடிச்சைப் போட்டுப் பார்த்தாள். எப்படித்தான் போடுகிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். முதல் இரண்டும் கோணிக்கொண்டன. ஐந்தாவது, சின்னவளே பார்த்தாலும் தன்னுடையது என்பாள், அப்படி நின்றது. உடனே அதைப் பிரித்து, துணியை அடுப்பில் போட்டாள். முடிச்சு துணியோடு எரிந்தது. கைக்குள் ஏறினது எரியவில்லை.

நான்கு நாள் கழித்து, காற்று மாறிய ஒரு பிற்பகலில் அது நடந்தது.

சர்க்கரை லோடு. மழைக்கு முன்னால் ஏற்றி முடித்து மூடிவிட வேண்டுமென்று விசில் மேஸ்திரி மூச்சு விடாமல் ஊதிக்கொண்டிருந்தார். வானம் ஈயத் தகடு மாதிரி இறங்கியிருந்தது. சுமைக்காரர்கள் ஓட்டத்திலேயே கொக்கி போட்டார்கள். வாய்க்கு மேல் வாயாக இறங்கியது. லாரியின் இந்தப்பக்கம் பெரியவளும் சின்னவளும் மட்டும். மற்ற நான்கு பேரும் சிமெண்ட் பக்கம். திடீரென்று காற்று தார்ப்பாயைத் தூக்கியது. மேலே ஒற்றை ஆளாய் நின்ற கொழுந்தன் கத்தினான். சின்னவள் ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு, "இதோ வந்துட்டேன்க்கா," என்று புருஷனுக்குக் கை கொடுக்க ஏறிப் போனாள்.

அப்போதுதான் அந்த மூட்டை இறங்கியது. மூலையில் கிழிந்த வாய், ஒரு முழத்துக்கு மேல் இருக்கும். மூலை வாய் எப்போதுமே வம்பு. பாரம் முழுக்க அங்கேதான் வந்து முட்டும். முறைப்படி அதை ஒதுக்கி வைத்து, சர்க்கரையை வேறு சாக்குக்கு மாற்ற வேண்டும். பெரியவள் சுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. மேலே தார்ப்பாயின் படபடப்பு மட்டும்.

அவள் மனசில் நினைத்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். இதைத் தளர்த்தியாகத் தைக்க வேண்டும். அகல அகலமாக நாலு குத்து. மேலே காது முடிச்சு. அந்தப்பக்கம் மேடு பள்ளத்தில் நாலு குலுக்கலில் பிரிந்துவிடும். ஏழு நாளைக்குள் வாய் திரும்பி வரும். சின்னவள் ஒரு வாரம் வீட்டில் உட்காருவாள். அந்த ஒரு வாரம் போதும்.

முதல் குத்தை இரண்டு விரல் இடைவெளியில் போட்டாள். அடுத்ததும் அப்படியே. மூலை திரும்பும் இடத்தில் முதல் மழைத்துளி புறங்கையில் விழுந்தது. விசில் கிறீச்சிட்டது. மேலேயிருந்து யாரோ, சீக்கிரம் சீக்கிரம் என்றார்கள். அதன் பிறகு அவளுக்குச் சரியாக நினைவில்லை. கை தன்பாட்டுக்கு ஓடியது. கண் லாரியின் மேலேயே இருந்தது, சின்னவள் இறங்குகிறாளா என்று. கடைசியில் மூன்று சுற்றுச் சுற்றி, வளையம் விட்டு இழுத்ததுதான் தெளிவாக ஞாபகம் இருந்தது. காது விறைத்து நின்றது. சுமைக்காரன் ஒருவன் மூட்டையை அள்ளிக்கொண்டு பலகை ஏறினான். அது அடி வரிசையில் போய் விழுந்தது.

சின்னவள் நனைந்துகொண்டே இறங்கி வந்தாள். "ஐயோ, நான் வர்றதுக்குள்ள தனியா தவிச்சிட்டீங்களாக்கா?" என்று கேட்டு, தன் முந்தானையால் பெரியவளின் தலையைத் துவட்டினாள். பெரியவள் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஏழு நாளும் அவளுக்கு ஏழு வருஷமாக இருந்தது என்று சொன்னால் கதைக்காகச் சொன்னதாகிவிடும். அப்படி இல்லை. முதல் இரண்டு நாள் நிம்மதியாகவே இருந்தது, அதுதான் உண்மை. காரியம் முடிந்த நிம்மதி. சின்னவள் சிரித்தால்கூட முன்போல் எரியவில்லை. சிரி சிரி, ஏழு நாள்தானே என்று தோன்றியது. மூன்றாம் நாள் மழையில் நனைந்ததில் இருமல் அதிகமானது. சின்னவள் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து முதுகைத் தேய்த்துவிட்டாள். தேய்க்கத் தேய்க்க, இவளுக்கு என் நெஞ்சுச் சத்தம் கேட்டிருக்குமோ என்ற பயம் வந்தது. அதற்குப் பிறகுதான் நிம்மதி போயிற்று. கேட்டில் அந்தப்பக்கத்து லாரி நுழையும்போதெல்லாம் டிரைவர் கையைப் பார்த்தாள். கையில் துணி இல்லாவிட்டால் அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே, ஏன் இன்னும் வரவில்லை என்று கோபம் வந்தது. இரண்டில் எது தன்னுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஏழாம் நாள் காலையில் துணி வந்தது.

டிரைவர் கொண்டுவரவில்லை. அந்தப்பக்கத்துச் சர்க்கரைக் கிடங்கின் ஆளே நேரில் வந்தார். நீலச் சட்டை போட்ட, நிதானமான மனிதர். எடைமேடையில் விசில் மேஸ்திரியின் மேஜைமேல் வெட்டிய சாக்குத் துண்டை வைத்தார். சுமைக்காரர்கள் கொக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கூடிவிட்டார்கள். பெண்கள் பின்னால் நின்றார்கள். தையல் சேறு படிந்து கிடந்தது; அதன்மேல் காது மட்டும் விறைத்து நின்றது, எல்லோர் கண்ணிலும் படும்படி.

"இது யாரோட முடிச்சு?" என்று கேட்டார் அவர்.

விசில் மேஸ்திரி வாயிலிருந்த விசிலை எடுத்தார். அதுவே ஒரு அதிசயம். "எங்க சின்னவளோடது. எட்டு மாசத்துல ஒண்ணுகூடத் திரும்பினதில்லீங்க. இதான் முதல் தடவை," என்றார். குரலில் வருத்தம் இருந்தது. சின்னவள் முகம் வெளுத்துவிட்டது. பெரியவள் தன் மூக்குத் துணியை இழுத்து முகத்தில் பாதியை மூடிக்கொண்டாள்.

"இதுவும் திரும்பலீங்க," என்றார் நீலச் சட்டைக்காரர். "நான்தான் வெட்டி எடுத்துட்டு வந்தேன்."

பிறகு நிதானமாகச் சொன்னார். அன்றைக்கு மழையில் அந்த லாரி மலை வளைவில் வழுக்கி, ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூட்டைகள்தான் சரிந்தன. அடி வரிசையில் பாதிக்கு மேல் வெடித்து, சர்க்கரை மழைநீரோடு பாகாய் ஓடியது. நல்ல புதுச் சாக்குகளே பிளந்து கிடந்தன. இந்த ஒரு மூட்டை மட்டும், அதுவும் மூலை வாய், மேலே பன்னிரண்டு மூட்டைப் பாரத்தோடு சேற்றில் குத்திட்டு நின்றது. சாக்கே நைந்து போயிருந்தது. தையல் மட்டும் பிரியவில்லை.

"முதலாளி இதப் பார்த்துட்டு, பார்வைக்கு ஆள் தேட வேண்டாம், இதத் தச்ச கையக் கூட்டிட்டு வான்னுட்டாரு. அதான் நானே வந்தேன்."

கூட்டத்தில் ஒரு கலகலப்பு. யாரோ சின்னவள் முதுகில் தட்டினார்கள். விசில் விசிலை மறுபடி வாயில் வைத்துச் சந்தோஷமாக ஒரு ஊது ஊதினார். ஓய்வு பெற்றும் தினம் யார்டுக்கு வந்துவிடும் மாமனார் மட்டும் மேஜைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்து, "முள்ளு மேல நிக்குது," என்றார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

சின்னவள் துண்டைக் கையில் எடுத்தாள். கட்டைவிரலை வாயின் ஒரு முனையில் வைத்துத் தடவினாள். விரல் அந்த முனை வரை போயிற்று. அங்கே நின்றது. பிறகு மெதுவாக வந்த வழியே திரும்பி வந்து, ஆரம்பித்த இடத்தில், முடிச்சில் முட்டி நின்றது. அவள் நிமிர்ந்தாள். பெரியவளின் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்குத் துணியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள்.

அந்தக் கணத்தில்தான் பெரியவளுக்கு மறந்திருந்தது ஞாபகம் வந்தது. மூலையைத் தாண்டி அந்த முனையைத் தொட்டதும் ஊசி திரும்பியது. அகல அகலமாய் விட்ட இடைவெளி ஒவ்வொன்றிலும் குத்திக்கொண்டே வந்தது. கண் லாரிமேல் இருந்தபோது கை தன் வேலையைச் செய்துவிட்டிருக்கிறது.

"உன்னுதுதானே?" என்று சின்னவளைக் கேட்டார் நீலச் சட்டைக்காரர்.

பெரியவள் வாயைத் திறக்க நினைத்தாள். என்னுடையது, என் கை, அந்த நாற்காலி என்னுடையது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று அவளுக்குத் தெரியும். பின்னே ஏன் அவள் முடிச்சு?

"ஆமா," என்றாள் சின்னவள். "என் முடிச்சுதான்."

முடிச்சு என்று மட்டும்தான் சொன்னாள். தையல் என்று சொல்லவில்லை. அதை இரண்டு பேர்தான் கவனித்தார்கள்.

வீட்டில் அன்று இனிப்பு வாங்கி வந்தார்கள். மாமனார் தன் பழைய பேச்சை மறுபடி சொன்னார், நம்பிட்டாங்கன்னா லாரி நேரா போயிடும் என்று. சின்னவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை, ஆண்கள் கிளம்பிய பிறகு, கொல்லைக் குழாயடியில் பெரியவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சின்னவள் புதுவேலைக்குச் செல்ல நல்ல புடவை கட்டி, தலை வாரி வந்து நின்றாள். உட்கார்ந்து, கழுவிய பாத்திரங்களை எடுத்துக் கவிழ்க்க ஆரம்பித்தாள்.

"தளர்த்தியா தைக்கணும்னா மறுநடை போடக் கூடாதுக்கா," என்றாள்.

பெரியவள் கையிலிருந்த சட்டி நிற்காமல் சுழன்றது. தேய்த்த இடத்தையே தேய்த்தாள்.

"எத்தன நாள் பழகினீங்க என் முடிச்ச?"

"ஒரு நாள்," என்றாள் பெரியவள். பொய் சொல்லியிருக்கலாம். வாயில் உண்மைதான் வந்தது.

"ஒரு நாள்லயா? எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு." இதைச் சொல்லும்போது சின்னவள் குரலில் இருந்தது கோபமில்லை. எரிச்சல். பெரியவளுக்கு அந்தக் குரலை நன்றாக அடையாளம் தெரிந்தது. எட்டு மாதமாகத் தன் தொண்டைக்குள் வைத்திருந்த குரல் அது. "நேத்து முழுக்க எல்லாரும் என்னப் பாராட்டினாங்க. அந்தத் தையல் மாதிரி எனக்கு ஒருநாளும் வராது. ஒரு ஓட்டத்துல நிக்கிற மூட்டை இல்ல அது. சோறே இறங்கல எனக்கு."

"அப்ப சொல்லிடு. போய்ச் சொல்லு."

"நான் சொன்னா நீங்க வெளிய. நீங்க சொன்னா நான் வெளிய. ரெண்டு பேரும் சொன்னா ரெண்டு பேரும் இதே குழாயடியில உக்காந்து இதே தட்டத் தேய்க்க வேண்டியதுதான்." சின்னவள் எழுந்து புடவையை உதறினாள். "எனக்கு அந்த நாற்காலி வேணும்க்கா. நான்தான் அன்னிக்கே சொன்னேனே."

யார்டில் அடுத்த வாரமே இரண்டு விஷயங்கள் மாறின. ஒன்று, விசில் மேஸ்திரி பெரியவளைச் சிமெண்ட் லாரிப் பக்கம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். சர்க்கரை, உருளைக்கிழங்கு, அதுவும் காற்று வரும் பக்கம். ஏன் என்று கேட்டதற்கு, பார்வைக்கார அம்மாதான் அப்படிச் சொன்னார்கள், உங்க வீட்டு ஆள்தானே, நீயே கேட்டுக்கோ என்றார். பெரியவள் கேட்கவில்லை. முதுகு தேய்த்த அன்று அவள் காதில் நெஞ்சுச் சத்தம் விழுந்துதான் இருக்கிறது. ஒரு மாதத்தில் இருமல் பாதியாகக் குறைந்தது. மூச்சு உள்ளே போகும்போதெல்லாம், இது அவள் கொடுத்தது என்ற நினைப்பும் கூடவே போயிற்று. தூசியே தேவலை என்று சில நாள் தோன்றும். சும்மா தோன்றும், அவ்வளவுதான். துணியைக் கட்டிக்கொண்டு சிமெண்ட் பக்கம் போய் உட்காரவா போகிறாள்?

இன்னொன்று, ஜன்னலில் நடந்தது. மற்ற பெண்களின் மூட்டை வரும்போது சின்னவள் கட்டைவிரலால் வாய் முழுக்கத் தடவிப் பார்ப்பாள். இரண்டு சுற்று முடிச்சு வந்தால் மட்டும் தடவுவதில்லை. பார்ப்பதுகூட இல்லை. முத்திரையை எடுத்து டக்கென்று குத்திவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுவாள். அது நம்பிக்கையா, தொடப் பிடிக்காமையா என்று பெரியவளுக்குப் புரியவில்லை. தரையில் உட்கார்ந்தபடி ஓரக்கண்ணால் அந்த ஜன்னலையே பார்த்தாள். ஒரு தடவை தடவிப் பாரேன் என்றிருந்தது.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒருநாள் பெரிய வாய் ஒன்று இறங்கியது. மூலையோடு மூலை, ஒன்றரை முழம். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாக்கை மாற்றிவிடலாமா என்று விசில் மேஸ்திரி ஜன்னல் பக்கம் கேட்டார்.

சின்னவள் தலையை வெளியே நீட்டினாள். மூட்டையைப் பார்த்தாள். பெண்களைப் பார்த்தாள்.

"மறுநடைய அனுப்புங்க," என்றாள்.

யார் அது என்று விசிலுக்கு ஒரு நொடி விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டார். பொருத்தமாய் இருந்தது அவருக்கு. "மறுநடை! ஏ மறுநடை!" என்று கூப்பிட்டார். பலகைமேல் நின்ற சுமைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். மறுநடை எங்கப்பா, மறுநடையக் கூப்பிடு என்று லாரிக்கு லாரி போயிற்று. அவளுடைய புருஷனே கொக்கியோடு நின்று, சிரித்துக்கொண்டு, "மறுநடை," என்றான். அவனுக்கும் பெருமைதான்.

பன்னிரண்டு வருஷம் காத்திருந்த பெயர். யார்டே அதைச் சொல்லிக் கூப்பிட்டது. அதன் உள்ளர்த்தம் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்தவளுக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

பெரியவள் எழுந்தாள். முகத்தில் எதுவும் காட்டவில்லை. மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து, ஊசியில் சணலைக் கோத்தாள். ஜன்னலிலிருந்து பார்க்கிறாள் என்று நிமிராமலே தெரிந்தது. பார்க்கட்டும். இன்றைக்கு ஒரே ஓட்டம்தான். இந்த முனையிலிருந்து அந்த முனை, முடிச்சு, முடிந்தது. அவள் வைத்த பெயரும் பொய்யாகட்டும். உறுதியாக நினைத்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். முதல் மூலை திரும்பினாள், இரண்டாவது மூலை திரும்பினாள், கடைசிக் குத்தையும் குத்தி, முடிச்சுக்குச் சணலைச் சுற்ற விரலை வளைத்தாள்.

இடைவெளிகள் தெரிந்தன. சர்க்கரை ஒரு மணி வெளியே வந்து மண்ணில் விழுந்தது.

ஊசி திரும்பிக்கொண்டது.